லைன் வீடுகளை இடித்தால் நெரிசல் தீருமா? கும்மிடிப்பூண்டி வட்டார விவாதம்

எளாவூர் வாசகர் · ஆகஸ்ட் 19, இரவு 9:40

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஆரம்பித்து ஆரம்பாக்கம் வரைக்கும் வெளிமாநிலத் தொழிலாளிங்க தங்குற லைன் வீடுதான். பத்துக்குப் பத்து அறை, சிமென்ட் ஷீட் கூரை, அறைக்கு எட்டு பேர். பத்து அறை இருக்கிற ஒரு லைனில் எண்பது ஆள், நாலு கக்கூஸ். செப்டிக் டேங்க் நிரம்பித் தெருக் கால்வாயில் ஓடுது. பக்கத்து வீட்டு போர் தண்ணி வாடை அடிக்குது. என் கருத்து இதுதான்: எல்லாத்துக்கும் நோட்டீஸ் ஒட்டி இடிச்சுடணும். மாற்றுக் கருத்து இருந்தா காரணத்தோட சொல்லுங்க.

வடிகால் · ஆகஸ்ட் 20, காலை 6:15

இடிக்கலாம். அந்த எண்பது பேரும் மறுநாள் காலை ஷிப்டுக்குப் போயாக வேண்டும், அதனால் அன்று ராத்திரியே அடுத்த தெரு லைனில் அறைக்கு எட்டாக இருந்தது பத்து, பதினொன்று ஆகும். அறை குறைகிறது, வேலை குறையவில்லை. நிரம்பி வழியும் டேங்க் ஒரு தெரு தள்ளிப் போகிறது, அவ்வளவுதான் நடக்கும்.

முதலில் அளவு. பத்துக்குப் பத்து அடி என்றால் 9.3 சதுர மீட்டர். ஒற்றை அறை வீட்டுக்கு 2016 தேசியக் கட்டட நெறி கேட்பது 9.5 சதுர மீட்டர், அகலம் 2.4 மீட்டருக்குக் குறையக் கூடாது, உயரம் 2.75 மீட்டர். அறை நெறிக்கு ஒரு விரற்கடைதான் குறைவு. குற்றம் தலை எண்ணிக்கையில் இருக்கிறது. ஓர் அறைக்கு மூன்று பேரைத் தாண்டினால் நெரிசல் என்பது ஐ.நா. வாழிட அமைப்பின் கணக்கு. வெளிமாநிலத் தொழிலாளர் சட்டம் 1979-இன் கீழ் 1980-ல் வந்த மத்திய விதிகள் இன்னும் கறார்: குடும்பம் இல்லாமல் வந்தவருக்கு ஆளுக்கு 6.5 சதுர மீட்டர், ஒரு கூடத்தில் பத்துப் பேருக்கு மேல் கூடாது, பத்துப் பேருக்கு ஒரு கழிப்பறை, ஒரு குளியலறை, சமைக்கத் தனியாகக் கூரை போட்ட இடம். அந்தச் சட்டத்தை 2020 தொழிலாளர் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் தனக்குள் எடுத்துக்கொண்டது. ஆனாலும் அந்த அளவுகோலை விட நல்லது ஒன்றை நான் பார்க்கவில்லை.

அதன்படி பார்த்தால் இந்த அறை ஒரே ஓர் ஆளுக்கு. நாளைக்கே அது நடக்காது. எட்டை நாலாக்குவது முதல் படி, நாலை மூன்றாக்குவது அடுத்தது.

வடிகால் · ஆகஸ்ட் 20, பகல் 1:05

எண்ணும் முறையையும் சொல்லிவிடுகிறேன், இங்கேதான் எல்லா ஆய்வும் சறுக்குகிறது. வீட்டுக்காரரைக் கேட்டால் நாலு என்பார். மேஸ்திரியைக் கேட்டால் ஐந்து. பகல் பதினோரு மணிக்குப் போய் எட்டிப் பார்த்தால் மூன்று பேர் தூங்கிக்கொண்டிருப்பார்கள். சுவர் ஆணியில் தொங்கும் பைகளை எண்ணுங்கள். ஆள் ஷிப்டில் இருந்தாலும் பை அறையில்தான் இருக்கும். பை எட்டு, மூலையில் கவிழ்த்து வைத்த தட்டு எட்டு என்றால் ஆளும் எட்டு. ஞாயிறு காலை ஒருமுறை போய்ச் சரிபார்த்தால் போதும்.

தடா ஷிப்ட் · ஆகஸ்ட் 20, இரவு 11:50

எட்டுப் பேரும் ஒரே நேரத்துல ரூம்ல இருக்கறதில்லையே. ஏ, பி, சி மூணு ஷிப்ட். ஒரு நேரத்துல நாலு இல்ல அஞ்சு பேர்தான் படுப்பாங்க. கான்ட்ராக்டருங்க இதைத்தான் சொல்றாங்க, அதுல நியாயம் இருக்குல்ல?

வடிகால் · ஆகஸ்ட் 21, காலை 5:50

பாய் கணக்குக்கு அந்த நியாயம் ஓடும். தண்ணீருக்கும் கழிவுக்கும் ஓடாது. எந்த ஷிப்டில் இருந்தாலும் எண்பது பேரின் கழிவும் அதே டேங்குக்குத்தான் வருகிறது. மின்விடுமுறை, ஞாயிறு, ஆயுத பூஜை என்றால் எட்டுப் பேரும் அறையில். ஒருவர் எழுந்த பாயில் அடுத்தவர் படுக்கும்போது அந்தப் பாய் காய்வதே இல்லை, சொறி சிரங்கு பரவுவதற்கு அதுவே போதும்.

ஷிப்ட் முறையில் உண்மையான நெருக்கடி காலையில். ஆறு மணி ஷிப்டுக்கு எண்பதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 27 பேர், 4:45-லிருந்து 5:30-க்குள் தயாராக வேண்டும். கழிப்பறைக்கு ஆளுக்கு ஆறு நிமிடம் வைத்தால் 45 நிமிடத்தில் ஓர் அறை ஏழு பேருக்கு உதவும், நாலு அறை 28 பேருக்கு. காகிதத்தில் சரியாக இருக்கிறது. குளியலுக்கு வாருங்கள். ஆளுக்குப் பத்து நிமிடம் என்றால் ஒரு குளியலறையில் நாலு பேர்தான் முடிப்பார்கள், 27 பேருக்கு ஆறு ஏழு வேண்டும். பெரும்பாலான லைன்களில் இரண்டு இருக்கும். அதனால் ஆட்கள் பக்கெட்டோடு கக்கூஸுக்குள் போய்க் குளிக்கிறார்கள், வரிசை நின்றுவிடுகிறது, பொறுக்க முடியாதவர் ரயில்பாதை ஓரம் போகிறார். கழிப்பறை போதவில்லை என்று வரும் புகாரில் பாதி இடங்களில் குறைவது குளியலிடம்.

இது மலிவாகத் தீரும். பதினைந்து அடி நீளத்தில் ஒரு குளியல் மேடை, இரண்டரை அடிக்கு ஒரு குழாயாக ஆறு குழாய், ஐந்தடி உயர மறைப்புச் சுவர், மேலே ஷீட், கீழே சொரசொரப்பான தரை, சுவரோரம் மூடாத கால்வாய். ஆண்கள் மட்டும் உள்ள லைனுக்கு இதுவே போதும். குடும்பங்களோ பெண்களோ இருந்தால் கதவும் உள்தாழ்ப்பாளும் விளக்கும் உள்ள தனி அறைகள்தான், அதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

லைன் வீட்டுக்காரர் · ஆகஸ்ட் 22, மாலை 7:30

வீட்டுக்காரன் பக்கமும் கேளுங்க. நாலு டாய்லெட் கட்டினேன். செப்டிக் டேங்க் ஏழரை அடிக்கு மூணரை அடி, உள்ளே நாலேகால் அடி தண்ணி நிக்கும். கொத்தனார் இருபது பேருக்குத் தாராளம்னார். பின்னாடி தண்ணி மண்ணுல ஊற உறை இறக்கியிருக்கேன். முதல் வருஷம் ஒண்ணுமில்ல. இப்ப மூணு மாசத்துக்கு ஒரு தடவை லாரி. என்ன கோளாறு?

வடிகால் · ஆகஸ்ட் 23, காலை 6:40

உங்கள் கொத்தனார் தவறாகச் சொல்லவில்லை. செப்டிக் டேங்குக்கான இந்தியத் தர நெறி ஐ.எஸ். 2470 அட்டவணையில் 20 பேருக்கு 2.3 மீட்டர் நீளம், 1.1 மீட்டர் அகலம், ஆண்டுக்கு ஒருமுறை அள்ளுவதானால் 1.3 மீட்டர் திரவ ஆழம். ஏறத்தாழ 3,290 லிட்டர். இருபது பேருக்கான டேங்கில் எண்பது பேர் போகிறார்கள்.

கசடு கணக்கு: நம் ஊர் வெயிலுக்கு ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 40 லிட்டர் அடிக்கசடு சேரும் என்று வையுங்கள். எண்பது பேருக்கு 3,200. ஒரே வருஷத்தில் முழு டேங்கும் கசடு. ஆனால் மூன்றில் ஒரு பங்கு நிரம்பினாலே டேங்க் வேலை செய்வதை நிறுத்திவிடும், அது நாலு மாதத்தில் வந்துவிடுகிறது. அதற்கப்புறம் தெளியாத தண்ணீர் கசடோடு உறைக்குப் போய் மண்ணின் துளையை அடைக்கிறது. முதல் வருஷம் ஒன்றும் தெரியாமல் இருந்ததற்குக் காரணம், அந்த வருஷம் முழுக்க உறையைச் சுற்றி மண் அடைத்துக்கொண்டிருந்ததுதான்.

இன்னொன்று கேட்க வேண்டும். குளிக்கிற, துணி துவைக்கிற தண்ணீரும் அதே டேங்குக்கா போகிறது? ஆளுக்கு 70 லிட்டர் என்றாலும் தினம் 5,600 லிட்டர். காலியான டேங்கிலேயே அது 14 மணி நேரம்தான் நிற்கும், பாதி கசடு இருந்தால் 7 மணி நேரம். கசடு படிய ஒரு நாளாவது நிற்க வேண்டும். கழிப்பறைத் தண்ணீர் மட்டும் போனால் ஆளுக்கு 20 லிட்டர், மொத்தம் 1,600. அப்போது இதே டேங்கில் இரண்டு நாள் நிற்கும்.

அதனால் செய்ய வேண்டியது வரிசையாக:

இந்த மாதமே குளியல், துவையல் தண்ணீரைப் பிரித்துவிடுங்கள். வலை போட்ட ஒரு சின்னத் தொட்டி வழியாக, சோப்பு நுரையும் மயிரும் மண்ணும் அங்கேயே நிற்கிற மாதிரி, கல்வாழையும் வாழையும் வைத்த பாத்திக்குத் திருப்புங்கள். அந்தத் தொட்டியை வாரம் ஒருமுறை அள்ள வேண்டும், இல்லையென்றால் அதுவே கொசுப் பண்ணை.

அடுத்தது புது டேங்க். அதே அட்டவணையில் 50 பேருக்கு 5 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம், 10,000 லிட்டர். எண்பது பேருக்கு 16,000 பக்கம் வரும். பழையதை இடிக்க வேண்டாம். புதுப் பெரிய டேங்கை முன்னாலும் பழைய சின்னதைப் பின்னாலும் வையுங்கள், மாற்றி வைத்தால் சின்னது மறுபடி அடைத்துக்கொள்ளும். புது டேங்குக்குள் மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் தடுப்புச் சுவர். உள்வரும் குழாயை விட வெளிச்செல்லும் குழாய் 5 செ.மீ. தாழ்வாக இருக்கட்டும், இரண்டு முனையிலும் டி வடிவக் குழாய் போட்டால் மேலே மிதக்கும் ஏடு வெளியே போகாது. தண்ணீர் மட்டத்துக்கு மேல் 30 செ.மீ. காலியிடம் விடுங்கள். நாலு அங்குலக் குழாய்க்கு நாற்பது அடிக்கு ஓர் அடி சரிவு, திரும்புகிற இடத்தில் எல்லாம் ஒரு சேம்பர், அதாவது மூடி திறந்து பார்க்கிற சின்னத் தொட்டி.

கடைசியில் உறை. குடிநீர்க் கிணறோ போரோ இருந்தால் 18 மீட்டர் தள்ளி, வீட்டிலிருந்து 6 மீட்டர் தள்ளி. இந்த 18 மீட்டரைத்தான் நம் பக்கத்தில் யாரும் அளப்பதில்லை, முப்பதுக்கு நாற்பது மனையில் அது கிடைக்கவும் கிடைக்காது. அப்படிப்பட்ட மனைகளில் நாலைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரே இடத்துக்குக் குழாயை ஓட்டி ஒரு பொது டேங்க் வைப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

லைன் வீட்டுக்காரர் · ஆகஸ்ட் 23, இரவு 8:10

எல்லாத் தண்ணியும் ஒரே டேங்க்தான். லாரி செலவைக் கூட்டிப் பார்க்கிறேன். டேங்க்ல போட ஒரு பவுடர் விக்கறாங்களே, போட்டா அள்ளவே வேணாம்னு?

வடிகால் · ஆகஸ்ட் 23, இரவு 8:35

வேண்டாம். மலத்திலேயே தேவையான நுண்ணுயிர் இருக்கிறது. அதைக் கொல்லாமல் இருந்தாலே போதும்: ஆசிட், பினாயில், பிளீச்சிங் பவுடர் மூன்றையும் கழிப்பறைக்குள் தாராளமாக ஊற்றாதீர்கள், பிரஷும் கொஞ்சம் சோப்புத்தூளும் போதும். பவுடர் போட்டால் கசடு கரையாது, கலங்கி உறைக்குப் போகும்.

கசடு எவ்வளவு என்று பார்க்க நீளமான ஒரு கம்பில் கீழ்ப்பகுதியில் வெள்ளைத் துண்டைச் சுற்றி அடிவரை மெதுவாக இறக்கி, ஐந்து நிமிடம் வைத்து நேராகத் தூக்குங்கள். துண்டில் கறுப்பு ஏறிய உயரம்தான் கசடு. திரவ ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டால் லாரியைக் கூப்பிடும் நேரம்.

எளாவூர் வாசகர் · ஆகஸ்ட் 24, காலை 10:20

சந்துக்குள்ள லாரி வராதுன்னு போன மாசம் இங்க ஒரு லைன்ல ரெண்டு பேரை உள்ள இறக்கப் பார்த்தாங்க. தெரு ஜனம் தடுத்துட்டாங்க.

வடிகால் · ஆகஸ்ட் 24, காலை 10:45

தடுத்தவர்களுக்கு என் வணக்கம். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013 சட்டப்படி பாதுகாப்புக் கவசமும் கருவியும் இல்லாமல் ஒருவரை டேங்குக்குள் இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். சாக்கடையில் இறங்கி நேரும் மரணத்துக்கு இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 30 லட்சமாக உயர்த்தியது. காசு வந்தாலும் ஆள் வரமாட்டார். மூடியைத் திறந்து அரைமணி விட்டால் வாயு போய்விடும் என்பதை நம்பாதீர்கள். கசடைக் கலக்கும்போதுதான் ஹைட்ரஜன் சல்ஃபைடு மேலே கிளம்பும், அதிகமாக இருந்தால் மூக்குக்கு வாடையே தெரியாது. ஒருவர் விழுந்தால் தூக்க இறங்கும் இரண்டாவது ஆளும் விழுவார். வெளியே நின்று கயிறு போடுங்கள், தீயணைப்புக்கு 101, ஆம்புலன்சுக்கு 108.

லாரி வராத சந்துக்கு நீளக் குழாய் உண்டு. கூப்பிடும்போதே தெரு முனையிலிருந்து டேங்க் மூடி வரை தூரத்தை நாடா போட்டு அளந்து சொன்னால் அதற்கேற்ற குழாயோடு வருவார்கள். 14420 என்ற எண்ணில் பதிவு செய்யலாம். எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார் என்று ஓட்டுநரிடம் கட்டாயம் கேளுங்கள், ரசீது வாங்குங்கள். ஏரிக்கரையில் கொட்டினால் நாம் அள்ளியது அடுத்த ஊர்க் குடிநீரில் போய்ச் சேரும்.

சுகாதாரம் · ஆகஸ்ட் 26, மாலை 4:00

டேங்கைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். ஆட்களைப் பார்ப்போம்.

தண்ணீர். 5,000 லிட்டர் சம்புக்கு 33 சதவீத பிளீச்சிங் பவுடர் 12.5 கிராம், கைவசம் 15 கிராம் எடுங்கள். நேராகக் கொட்டக் கூடாது. பிளாஸ்டிக் வாளியில் குழைத்துத் தண்ணீர் சேர்த்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேல் தெளிவை மட்டும் சம்பில் ஊற்றிக் கலக்கி ஒரு மணி நேரம் விட வேண்டும். கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மி.கி. குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். சோதனைப் பெட்டி ஆரம்ப சுகாதார நிலையத்தில் உண்டு. மூட்டை திறந்து ஈரம் பட்டுக் கிடந்த பவுடரில் சத்து போயிருக்கும். ஆசிட் பாட்டில் பக்கத்தில் வைக்கவே கூடாது, கலந்தால் குளோரின் வாயு.

கொசு. டெங்கு பரப்பும் ஏடிஸ் வகையின் முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள். டிரம்மை வாரம் ஒருமுறை கவிழ்ப்பதோடு உள்சுவரைத் தேய்க்கவும் வேண்டும். முட்டை காய்ந்த சுவரில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். டேங்க் காற்றுக் குழாய் முனையில் வலை கட்டாத லைன் நிறைய. அங்கிருந்து வருவது கியூலெக்ஸ் என்ற இன்னொரு வகைக் கொசு.

சொறி. எட்டுப் பேரில் ஒருவர் மட்டும் மருந்து போட்டால் வீண். மருத்துவர் கொடுக்கும் பெர்மெத்ரின் களிம்பை எட்டுப் பேரும் ஒரே இரவில் கழுத்திலிருந்து பாதம் வரை தடவி, மறுநாள் குளித்து, ஒரு வாரம் கழித்து மறுபடி. வெந்நீரில் துவைக்க முடியாத போர்வையைப் பிளாஸ்டிக் பையில் கட்டி மூன்று நான்கு நாள் வைத்தாலே பூச்சி செத்துவிடும். ஷிப்ட் மாறி மாறி இருப்பதால் ஒரே இரவு கிடைக்காது. சனி இரவு பாருங்கள்.

காசநோய். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனை, இலவசம். ஒருவருக்கு உறுதியானால் அந்த அறையில் உள்ள எல்லோரும் தொடர்பில் இருந்தவர்கள், எல்லோரையும் பார்க்க வேண்டும். நம் படிவத்தில் குடும்பத்தார் என்று கேட்கும் இடத்தில் அறைத்தோழர்களை எழுதுங்கள். அவர் நாளை ஆந்திர எல்லை தாண்டித் தடா பக்கம் வேலைக்குப் போனாலும் ஒடிசாவுக்கே திரும்பினாலும் நிக்‌ஷய் எண் (காசநோயாளிக்கு அரசு தரும் பதிவு எண்) அங்கும் செல்லும். ஆறு மாத மருந்து நடுவில் அறுந்துபோவதற்கு முக்கியக் காரணமே, எண்ணை எழுதிக் கொடுக்காமல் அனுப்பிவிடுவதுதான். ஊட்டச்சத்துத் தொகை மாதம் 1,000 ரூபாய், வங்கிக் கணக்கு இருந்தால் நேராக வரும்.

வடிகால் · ஆகஸ்ட் 27, காலை 6:10

காசநோய்க் குறிப்பிலிருந்து காற்றுக்கு வருகிறேன். நம்முடையது கடலோர ஈர வெப்பம். கட்டட நெறி தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு ஜன்னல் திறப்பு கேட்கிறது, கதவு கணக்கில் வராது. நூறு சதுர அடி அறைக்கு 16, 17 சதுர அடி. மூன்றுக்கு நாலு ஜன்னல் ஒன்று, எதிர்ச்சுவரில் மேலே இரண்டுக்கு ஒன்று வென்டிலேட்டர் இரண்டு. கூட்டினால் 16. எதிர்ச்சுவரில் என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். ஒரே பக்கம் எவ்வளவு பெரிய ஜன்னல் வைத்தாலும் காற்று உள்ளே வந்து நிற்கும், கடக்காது.

முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய லைன்களுக்கு எதிர்ச்சுவரே கிடையாது. அவற்றை ஒட்டுவேலை செய்து சரிப்படுத்த முடியாது. மூன்றாவது ஜோடி அறையை எடுத்துவிட்டுத் திறந்த நடையாக்கினால் இரண்டு பக்கத்து அறைகளுக்கும் பக்கச் சுவரில் ஜன்னல் கிடைக்கும். வாடகை இழப்பு உண்டு. மூல வாசகர் கேட்ட இடிப்பை நான் ஒப்புக்கொள்ளும் இடம் இது ஒன்றுதான்.

வடிகால் · ஆகஸ்ட் 27, இரவு 9:00

அறைக்கு நாலு பேர் என்று 20-ம் தேதி எழுதியதற்கு ஒரு நிபந்தனை சேர்க்கிறேன். நாலு பேர் என்றால் இரண்டடுக்குக் கட்டில் இரண்டு. ஷீட் கூரையின் தாழ்ந்த பக்கம் எட்டடிதான் இருக்கும், மே மாதம் மேல்கட்டிலில் படுப்பவர் முகத்துக்கு மூன்றடி மேலே ஷீட் கொதிக்கும். தாழ்ந்த பக்கம் பத்தடியாவது இருந்தாலோ கான்கிரீட் தளம் இருந்தாலோ நாலு. இல்லாவிட்டால் மூன்று. வெயில் தாங்க ஷீட் மேல் வெள்ளைப் பூச்சு இரண்டு கோட் அடியுங்கள், கண்கூடாகக் குறையும். கீற்று பரப்புவது குளிர்ச்சிதான், ஆனால் கீழே எட்டு அடுப்பு எரிகிற லைனில் கீற்று போடவே கூடாது. பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைத் துளையிடுவது, உடைப்பது, சுரண்டுவது எதுவும் வேண்டாம். எடுக்க நேர்ந்தால் நனைத்து முழுசாக இறக்குங்கள்.

தடா ஷிப்ட் · ஆகஸ்ட் 28, அதிகாலை 2:15

அடுப்புன்னு சொன்னதும் ஞாபகம் வருது. இப்ப பாதிப் பேர் கரன்ட் ஸ்டவ். வாரம் ஒரு தடவை ஃபியூஸ் போகுது. போர்டு பக்கம் போனா ரப்பர் தீஞ்ச வாடை.

வடிகால் · ஆகஸ்ட் 28, காலை 6:00

அந்த வாடை வரும் போர்டை இன்றே நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். 2,000 வாட் அடுப்பு 230 வோல்டில் 8.7 ஆம்பியர் இழுக்கும். லைன் வீடுகளில் நாலு அறைக்கு ஒரே 1.5 சதுர மி.மீ. கம்பியை முறுக்கி டேப் சுற்றி இழுத்திருப்பார்கள். நாலு அடுப்பு சேர்ந்தால் 35 ஆம்பியர். முதலில் சூடாவது முறுக்கிய இணைப்பு. ஃபியூஸ் போகிறதே என்று தடித்த கம்பி வைத்தால் அடுத்து எரிவது சுவர்க் கம்பி. அடுப்பு சாக்கெட்டுக்குத் தனியாக 4 சதுர மி.மீ. கம்பி, அறைக்கு ஒரு 16 ஆம்பியர் எம்.சி.பி. (சுமை மிஞ்சினால் தானாக அணையும் சுவிட்ச்), லைன் முழுவதற்கும் எர்த், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் துண்டிக்கும் சுவிட்ச்).

இதைவிட நல்லது பொதுச் சமையல் கொட்டகை. படுக்கும் அறையில் அடுப்பு இருந்தால் எட்டுப் பேர் படுக்கும் இடத்தில் ஆறு பேர் இடம்தான் மிச்சம், ஈரமும் புகையும் வேறு. காஸ் என்றால் 5 கிலோ சின்ன சிலிண்டர் முகவரிச் சான்று இல்லாமல் கிடைக்கிறது. காஸ் காற்றைவிடக் கனம், தரையோடு பரவும், அதனால் கொட்டகையின் கீழ்மட்டத்தில் திறப்பு வேண்டும்.

எளாவூர் வாசகர் · ஆகஸ்ட் 30, மாலை 6:45

சரி, இடிக்கிற பேச்சை ஓரமா வைக்கிறேன். மனு யாருக்குக் கொடுக்கறது? பேரூராட்சிக்குப் போனா அது ஊராட்சி எல்லைங்கறாங்க. ஊராட்சியில ஃபேக்டரியைக் கேளுங்கறாங்க. ஃபேக்டரி ஆந்திராவுல இருக்கு.

சுகாதாரம் · ஆகஸ்ட் 31, காலை 9:30

கட்டடம் எங்கே நிற்கிறதோ அந்த எல்லை. ஊராட்சி என்றால் ஊராட்சிச் செயலர், வட்டார வளர்ச்சி அலுவலர், கூடவே ஆரம்ப சுகாதார நிலையத்துச் சுகாதார ஆய்வாளர். நகர்ப்புறம் என்றால் செயல் அலுவலர் அல்லது ஆணையர். 1939-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம் பொதுத் தொல்லையை அகற்றச் சொல்லி நோட்டீஸ் கொடுக்கும் அதிகாரம் தருகிறது, குடியிருப்பில் நெரிசலைக் குறைக்கவும் அதில் இடம் உண்டு. மனுவில் ஆவேசம் வேண்டாம். கதவு எண், அறை எத்தனை, பை எண்ணிக்கை, கழிப்பறை எத்தனை, வழியும் இடத்தின் படம் தேதியோடு, அங்கிருந்து கிணறு எத்தனை அடி. ஒரே பக்கம். நடவடிக்கை இல்லையென்றால் முதல்வர் உதவி எண் 1100-ல் பதிவு செய்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தொழிற்சாலை தடா பக்கமும் படுக்கை ஆரம்பாக்கத்திலும் இருந்தால் இரண்டு மனு. கழிவுக்கு இங்கே, தங்குமிடத்துக்கு அங்குள்ள தொழிலாளர் துறைக்கு. தங்குமிடப் பொறுப்பு ஆளைக் கூட்டிவந்த கான்ட்ராக்டரைத் தொடர்ந்து போகிறது.

வடிகால் · செப்டம்பர் 1, காலை 6:20

மனுவில் என்ன கேட்கிறோம் என்பதும் முக்கியம். சீல் வையுங்கள் என்று கேட்டால் எண்பது பேர் ராத்திரியில் ரோட்டில். முப்பது நாளில் தண்ணீர் பிரிப்பும் குளியல் மேடையும், தொண்ணூறு நாளில் டேங்க், அதுவரை மாதம் ஒரு லாரி ரசீது என்று கேளுங்கள். ரசீது காட்டாவிட்டால் புது ஆள் சேர்க்கத் தடை.

பணம் எங்கிருந்து என்று வீட்டுக்காரர்கள் கேட்பார்கள், கேட்பது நியாயம். கணக்குக்கு ஆளுக்கு 1,000 ரூபாய் என்று வையுங்கள். எட்டுப் பேரில் அறைக்கு 8,000. நாலு பேரானால் அதே வருமானத்துக்கு ஆளுக்கு 2,000. தொழிலாளி தலையில் ஏற்றினால் அவர் 1,000 ரூபாய் அறையைத் தேடி உள்ளே தள்ளிப் போவார், நெரிசலும் கூடவே போகும். அந்த இடைவெளியைக் கம்பெனி கட்டும்போது மட்டும்தான் இது நிலைக்கிறது. வாளையார் தாண்டிக் கஞ்சிக்கோட்டில் கேரள அரசு 2019-ல் திறந்த 'அப்னா கர்' 620 பேருக்கு இடம் தருகிறது. வல்லம் வடகாலில் 2024-ல் சிப்காட் கட்டிய விடுதி 18,720 பெண் தொழிலாளர்களுக்கு. அங்கே பெரிய கம்பெனி இருந்தது. இங்கே உருக்காலையும் ரோலிங் மில்லும் ஆளுக்கு ஐம்பது நூறு பேரை வைத்திருக்கின்றன, தனித்தனியாகக் கட்டமாட்டார்கள். பத்து மில் சேர்ந்து, சரிசெய்த லைன்களை ஆண்டு ஒப்பந்தத்தில் படுக்கைக் கணக்கில் எடுப்பதுதான் நம் வட்டாரத்துக்குப் பொருந்தும். ஒப்பந்தத்தாளைக் காட்டி வீட்டுக்காரர் வங்கியில் கேட்கலாம்.

லைன் வீட்டுக்காரர் · செப்டம்பர் 2, இரவு 9:15

அப்படி ஒப்பந்தம் வந்தா மேல ஒரு மாடி போட்டு இன்னும் பத்து ரூம் எடுத்துடலாமே? ரூமுக்கு நாலு பேர்னா அதே எண்பது.

வடிகால் · செப்டம்பர் 2, இரவு 9:50

ஆள் எண்ணிக்கைக் கணக்கு சரி. ஆனால் இப்போதைய சுவர் ஆறு அங்குல ஹாலோபிளாக், தூண் கிடையாது, ஷீட்டைத் தாங்கத்தான் கட்டியது. அதன் மேல் தளம் போட்டால் உயிர் போகும். வெளியே தனி அஸ்திவாரம் எடுத்துத் தூண் நிறுத்தி, வரைபட அனுமதியோடு கட்டுங்கள். 2019 கட்டட விதிகளில் தளப்பரப்பு விகிதம் 2 இருக்கிறது, அதாவது மனைப் பரப்பைப் போல் இரண்டு மடங்கு தளம் கட்டலாம், மாடிக்கு இடம் உண்டு. பக்கத்து மனையோடு ஒட்டாமல் விடும் காலியிடத்தை விழுங்காதீர்கள், உங்கள் எதிர்ச்சுவர் ஜன்னல் திறப்பது அங்கேதான்.

சுகாதாரம் · செப்டம்பர் 5, பகல் 12:30

ஒரு சின்ன விஷயம். டாய்லெட் அடைப்பில் பாதி குட்கா பாக்கெட், ஷாம்பு சாஷே, பிளேடு. ஒவ்வொரு கழிப்பறைக்குள்ளும் மூடியுள்ள வாளி ஒன்று வையுங்கள். அறிவிப்பைத் தமிழில் மட்டும் எழுதினால் யார் படிப்பார்கள்? இந்தி, ஒடியா, தெலுங்கு, வங்காளம், கூடவே படம். வாளியைத் தினம் எடுக்கும் ஆளுக்குக் கூலி பேசுங்கள், கையுறை கொடுங்கள்.

வடிகால் · செப்டம்பர் 9, காலை 5:40

மழை அக்டோபர் நடுவில் பிடித்துவிடும். பழவேற்காடு ஏரிப் பக்கம் போகப் போக நிலத்தடி நீர் மேலே வந்துவிடுகிறது. அந்த நாளில் உறை உள்ளிழுக்காது, வெளியிலிருந்து அதற்குள்தான் தண்ணீர் ஊறும். எனவே லாரி இந்த மாதக் கடைசிக்குள். ஆனால் டேங்கை முழுக்கக் காலி செய்துவிட்டு அப்படியே விடாதீர்கள். நீர்மட்டம் ஏறினால் காலி டேங்க் மிதந்து எழும்பி குழாயை முறித்துவிடும். அள்ளியதும் அடிக்கசடு ஓர் அங்குலம் விட்டுத் தண்ணீர் நிரப்புங்கள். மூடியின் ஓரத்தை சிமென்ட் கலவை வைத்து அடைத்து, சுற்றிலும் அரையடி மேடு கட்டினால் தெருத் தண்ணீர் உள்ளே இறங்காது. அடுத்த முறை லாரி வரும்போது உடைத்துத் திறக்க வேண்டியிருக்கும் என்பதால் மேல் கலவை மட்டும் மெலிசாக இருக்கட்டும்.

லைன் வீட்டுக்காரர் · செப்டம்பர் 9, காலை 8:05

லாரி 20-ம் தேதிக்குச் சொல்லியாச்சு. குளியல் தண்ணி பைப்பை நாளைக்குப் பிரிக்கறாங்க. பாத்தி எவ்வளவு பெருசு வெட்டணும்?

வடிகால் · செப்டம்பர் 9, காலை 8:30

எண்பது பேர் தண்ணீரை ஒரே பாத்தி குடிக்காது, களிமண்ணாக இருந்தால் இன்னும் மோசம். மண்ணைச் சோதித்துப் பாருங்கள். ஓரடிக் குழி எடுத்து, இரவு முழுக்கத் தண்ணீர் விட்டு ஊறவைத்து, காலையில் ஆறு அங்குலம் நிரப்பி, ஓர் அங்குலம் இறங்க எத்தனை நிமிடம் என்று குறித்து இங்கே போடுங்கள். அதை வைத்து நீளம் சொல்கிறேன். அரைமணிக்கு மேல் ஆனால் பாத்தியை நம்பாதீர்கள், சேம்பர் வலைக்குப் பிறகு தெரு வடிகாலில் இணைக்க எழுத்தில் அனுமதி கேளுங்கள்.